பெயர் எழுதாத பாம்பு

பிள்ளைகளா, போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. என் பழைய பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எந்த வரப்பில் எந்தத் தவளை, எந்த வைக்கோல் போருக்கு அடியில் எந்தப் பாம்பு என்று அத்தனையும் ஒழுங்காக எழுதியிருப்பதாகப் பாராட்டியிருந்தீர்கள். கூடவே ஒரு சின்னக் குறையும் சொல்லியிருந்தீர்கள். ஒரே ஒரு வரியில் 'இனம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பாம்பு என்றும் இருக்கிறது. என்ன பாம்பு என்று மட்டும் இல்லை. ஞாபகம் இருந்தால் நிரப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீக்கினீர்களோ, எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

தவளையும் பாம்பும் கணக்கெடுக்கும் நம் வேலைக்கு ஐப்பசியை விட்டால் வேறு மாதம் கிடையாது. ஐப்பசி அடைமழை என்று ஊரார் சலித்துக்கொள்ளும்போது நாம் மட்டும்தான் குதித்துக்கொண்டு கிளம்புவோம். சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்கும். கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்த தவளையெல்லாம் மேலே வந்திருக்கும். தவளை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். வளைகளில் தண்ணீர் ஏறியதும் எலியும் பாம்பும் ஒரே வரப்பில் மேடு தேடும். நான் முதன்முதலாக இந்த வேலைக்கு வந்த ஐப்பசியில், ஒரு பச்சைத் தவளையைப் பார்த்துக்கொண்டே நடந்து வரப்பிலிருந்து வழுக்கி வயலுக்குள் போய் உட்கார்ந்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். "மேடம் தவளையப் புடிச்சாங்களா, தவளை மேடத்தப் புடிச்சுதா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கே எனக்கு அந்த மக்களைப் பிடித்துப்போனது. எப்படித் தேடுவது, எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் இந்தக் கதைக்கே காரணம்.

சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தில் நான் தொடர்ந்து ஆறு ஐப்பசி வேலை பார்த்தேன். முதல் வருஷம் அங்கே எனக்கு உயிருள்ள பாம்பே கிடைக்கவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் அடித்துப் போட்டிருப்பார்கள். பாவம் தண்ணீர்ப் பாம்பு, அதற்கும் அடி. சாரைப் பாம்பு எலி தின்று நெல்லைக் காப்பாற்றுகிறது, அதற்கும் அடி. பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. மூடி போட்ட பெயிண்ட் வாளிகளைச் சேர்த்து, மூடியில் ஓட்டை போட்டு, தெருவுக்கு ஒன்றாக வைத்தேன். பாம்பைப் பார்த்தால் அடிக்காதீர்கள், வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒரு தகரத்தைச் செருகி, நிமிர்த்தி மூடிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். நான் வந்து இன்ன பாம்பு என்று பெயர் சொல்லி, எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். "பேர் தெரிஞ்சா பயம் போயிடும்" என்று கூட்டம் போட்டுச் சொன்னேன்.

வாளி பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருஷமே ஊரில் பாம்பு அடிப்பது ஏறக்குறைய நின்றுபோனது. வாளியோடு வந்து என் அறை வாசலில் நிற்பார்கள். நான் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்துப் பெயர் சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பு சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் 'பேர் சொல்ற மேடம்' என்பார்கள். அலுவலகத்தில் என் வாளியைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையெல்லாம் ஏற்றினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கடித்த பாம்பை என்ன செய்வது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாவது ஐப்பசி. குறுவை அறுத்த நெல் இன்னும் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடந்தது. மழை விட்டு விட்டுப் பெய்ததால் ஈரப்பதம் குறையவில்லை. அதனால் வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தார்ப்பாயை விலக்கி நெல்லைக் காயவைப்பதும், வானம் கறுத்தால் ஓடிவந்து மூடுவதுமாக ஊரே அல்லாடிக்கொண்டிருந்தது. குத்தகைக்குப் பயிர் செய்யும் இளங்கோவும் அவன் மனைவி மலர்க்கொடியும் மூன்று நாளாக நெல்லோடு நெல்லாகக் கிடந்தார்கள். அன்று காலை ஏழு மணிக்கு மலர்க்கொடி தார்ப்பாயின் மடிப்பைப் பிடித்து இழுத்தபோது கையில் ஏதோ சுருக்கென்றது. உதறிப் பார்த்தால் கருப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பாம்பு.

அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர், சீர்காழிப் பக்கம். என் அறை ஆறு கிலோமீட்டர், நேர் எதிர்ப்பக்கம், மயிலாடுதுறை சாலையில்.

அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

வந்தது மட்டுமில்லை. கிளம்புவதற்கு முன்னால் பாம்பைப் பிடித்திருக்கிறார்கள். அது மூட்டைகளுக்கு அடியில் நுழைந்துவிட்டது. ஆளாளுக்கு மூட்டையை இழுத்துப் போட்டு, அரைமணி நேரம் தேடி, அடிக்காமல், ஓர் அடிகூட அடிக்காமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வாளியைக் கவிழ்த்து, தகரத்தைச் செருகி, மூடியிருக்கிறார்கள். பிறகு இளங்கோ வண்டியை ஓட்ட, நடுவில் மலர்க்கொடி, பின்னால் அவள் அண்ணன் மடியில் வாளி.

"மேடம் பேரச் சொல்லுங்க. பேரு தெரிஞ்சாதானே ஆஸ்பத்திரியில மருந்து குடுப்பாங்க" என்றான் இளங்கோ. அவனுக்கு அதை யார் சொன்னார்கள்? நான்தான். அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான்கு வருஷமாகப் பெயர், பெயர், பெயர் என்று ஊதியது நான்.

இப்போது சொல்லப்போவதை நன்றாகக் கவனியுங்கள், பிள்ளைகளா. அந்த நிமிஷத்தில் நான் மலர்க்கொடியைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தேன்.

அவள் நன்றாகத்தான் இருந்தாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது, வீக்கம்கூட இல்லை, நெல்லை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று கவலைப்பட்டாள். நான் மூடியை நகர்த்திப் பார்த்தேன். பாம்பு சுருண்டு தலையை உடம்புக்குள் புதைத்துக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் உயிரை எடுக்கும். அதே மாதிரி பட்டை போட்ட வெள்ளிக்கோல் வரையன் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விஷமே கிடையாது. பகலில் இரண்டுமே இப்படித்தான் சுருண்டுகொள்ளும். பட்டை கழுத்திலிருந்தே தொடங்குகிறதா, கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறதா என்று பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். கழுத்துதான் தெரியவில்லையே. டார்ச் எடுத்து வந்தேன். கொக்கியால் நெம்பினேன். வாளியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை. நாலு வருஷமாகத் தப்பே சொல்லாத வாய் இல்லையா?

"விஷம் இல்லாததுன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

இளங்கோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மலர்க்கொடியின் அண்ணன் சிரித்தே விட்டான். டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். நான் இன்னும் வாளிக்குள் குனிந்துகொண்டிருந்தேன், எனக்கே அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லாததால். கடி பட்டு ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.

"மேடம், வயித்த வலிக்குது" என்றாள் மலர்க்கொடி. நிமிர்ந்தேன். சுவரில் சாய்ந்திருந்தாள். "தூக்கம் தூக்கமா வருது. ராத்திரி சரியா தூங்கல, அதான் போல."

அவள் இமைகள் பாதிக் கண் வரை இறங்கியிருந்தன. தூக்கத்தில் சொக்குகிறவள் கண்ணைத் திறக்கச் சொன்னால் திறப்பாள். நான் திறக்கச் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள், புருவத்தைத் தூக்கினாள், இமை மட்டும் எழவில்லை.

எங்கள் ஜீப்பை நானே ஓட்டினேன். பின்சீட்டில் இளங்கோ அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான். வந்த வழியே திரும்பி, அந்தக் கொள்முதல் நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அவள் அண்ணன் அதற்குள் அங்கே போன் பண்ணிச் சொல்லியிருந்தான். நான் ஹாரன் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர்கள் வண்டிகளை வாய்க்கால் ஓரம் சரித்து நிறுத்தி வழி விட்டார்கள். மழையில் நனைந்தபடி சாலை ஓரம் நின்றவர்கள் எல்லோரும் என் ஜீப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இளங்கோ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரப் பிரிவில் ஒரு நர்ஸம்மா இருந்தார். நடுத்தர வயது, கறுத்த ஒல்லியான உருவம், மூக்குக்கண்ணாடி. அவர் பெயரை நான் அன்று கேட்கவில்லை, பிறகு கேட்கப் போனபோது மாற்றலாகிப் போயிருந்தார். அவரிடம் போய் மூச்சிரைக்க, இது கட்டுவிரியனாக இருக்கலாம், வெள்ளிக்கோல் வரையனாகவும் இருக்கலாம், கழுத்துப் பட்டை தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் வாளிப் பக்கம் திரும்பவே இல்லை. மலர்க்கொடியின் இமையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லி ஒரே மூச்சில் எத்தனை வரை போகிறாள் என்று பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"அத வெளிய வச்சிட்டு வாங்கம்மா. பேரு தெரிஞ்சா மருந்து மாறுமா?"

மாறாது. நம் ஊரில் ஆளைக் கொல்லும் முக்கியமான நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் பயிற்சி வகுப்பில் நானே அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் அந்தக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண்ணின் உயிரை வாளியோடு கட்டி வைத்திருந்தேன். என் இத்தனை வருஷப் பணியில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் பலர். பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்த நர்ஸம்மா சொன்ன ஒற்றை வரிக்கு அவர்கள் யாரும் ஈடாக மாட்டார்கள்.

மருந்து ஏற்றி, அங்கிருந்தே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவளால் தானாக மூச்சுவிட முடியவில்லை. வென்டிலேட்டர் வைத்தார்கள். இரண்டு நாள் அவள் அசையாமல் கிடந்தாள். வாளியில் இருந்தது கட்டுவிரியன்தான். சாயந்தரம் அது தானாகத் தலையை நீட்டியபோது பார்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு கருவேலங்காட்டில் விட்டேன். பாம்பின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கை வைத்தால் அது என்ன செய்யும்?

மூன்றாம் நாள் காலையில் மலர்க்கொடி விரலை அசைத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். குழாயை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, தார்ப்பாயை மூடினீர்களா என்பது. இளங்கோ வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதான். பிறகு என்னிடம் வந்து, நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளைகளா, பாம்பைப் பார்த்த நேரத்தைவிட எனக்கு அதுதான் கஷ்டமான நேரம். பேசாமல் இருந்திருக்கலாம். ஊரும் என்னைத் தெய்வமாக வைத்திருக்கும், வாளியும் நடக்கும், வேலையும் நடக்கும். உண்மையைச் சொன்னால் அந்த ஊரில் இனி கால் வைக்க முடியாமல் போகலாம். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த முறை கடி படுகிறவரும் என் வாசலுக்குத்தான் வருவார். அதனால் சொன்னேன். பாம்பைப் பிடித்திருக்கவே வேண்டாம், என்னிடம் வந்திருக்கவே வேண்டாம், நேராக இங்கே வந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ, உங்களைச் சுற்ற விட்டது என் வாளிதான், விஷம் இல்லை என்று சொன்னதும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் என் கையை விட்டுவிட்டான். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். வார்டுக்குள் போனான். திரும்பி வந்தபோது, "அவ உங்களக் கூப்புடுறா" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

மலர்க்கொடிக்கு அப்போதுதான் குரல் திரும்பிக்கொண்டிருந்தது. கரகரவென்று, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவளிடமும் நான் அதையே திரும்பச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கோவந்தான் மேடம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அத அப்பறம் பாத்துக்கலாம். நம்ம ஊருல இன்னும் அஞ்சு வாளி கெடக்குது. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

நான் எல்லா வாளியையும் திரும்ப எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். எடுத்தால் மறுபடி அடிக்க ஆரம்பிப்பார்கள், அது வேறு வம்பு என்றாள்.

வீடு திரும்பிப் பத்து நாள் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். தெருத் தெருவாகப் போனோம். முதல் தெருவில் நான் பேசினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. பேர் சொல்கிற மேடமே பேர் வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? மலர்க்கொடி என்னை நகரச் சொல்லிவிட்டு முன்னால் வந்தாள். கையில் கடிபட்ட இடத்தைக் காட்டினாள். இரண்டு நாள் எல்லோரும் பேசுவது காதில் விழுந்ததையும், கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்ததையும் சொன்னாள். தன் பிள்ளை வந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டபோது பதில் சொல்ல முடியாமல் கிடந்ததையும் சொன்னாள். கடைசியாக, நெல்மூட்டைக்கு எண் போடும் பெயிண்டை எடுத்து, வாளியில் பெரிதாக எழுதினாள்: 'கடிச்சா என்னைத் தொடாதே. வண்டியை எடு.'

அந்த வருஷமே ஐந்து வாளியிலும் எழுதி முடித்தோம். முதல் இரண்டில் அவள் எழுத்து, மற்றதில் இளங்கோவின் எழுத்து. அவன் என்னோடு பேச ஆரம்பித்தது அந்த மூன்றாவது வாளியில்தான். பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் ஊற்றுங்கள் என்றான். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி அந்தக் காலிக் கட்டத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஐப்பசி. தீபாவளி கழிந்து நாலாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும். நான் வாய்க்கால் கரையில் நின்று ஒரு தேரைக்குக் கால் அளந்துகொண்டிருந்தேன். மலர்க்கொடியிடமிருந்து போன். இரைச்சலாக இருந்தது. சம்பாவில் களை எடுத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு சாரதாவை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது என்றாள்.

அத்தனை பட்டும் என் வாயில் முதலில் வந்த கேள்வியைக் கேளுங்கள். "என்ன பாம்பு?"

"தெரியாது மேடம்" என்றாள் மலர்க்கொடி. "நாங்க பாக்கல. வாளியையும் எடுக்கல. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துட்டோம், போன வைக்கிறேன்."

கடித்து இருபது நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. நான் தேரையை விட்டுவிட்டு அந்தக் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். சாரதாவை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடித்தது நல்லபாம்பா, விரியனா, வெறும் தண்ணீர்ப் பாம்பா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது கடித்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. யாரும் பின்னால் போகவில்லை.

அன்று மாலை பதிவேட்டை எடுத்து, தேதி, இடம், நேரம் எல்லாம் எழுதினேன். பார்த்தவர் என்ற இடத்தில் சாரதா என்று எழுதினேன். இனம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட வரி அதுதான். பேர் சொல்கிற மேடத்தின் பதிவேட்டில் பேர் இல்லாத ஒரே பாம்பு. கணினியில் ஏற்றும்போது எல்லாவற்றையும் சரிபாருங்கள், என் எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள், தவளைக் கணக்கில் சந்தேகம் இருந்தால் தாராளமாக அடித்துவிடுங்கள். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாகவே விட்டுவிடுங்கள். சாரதா இந்த ஐப்பசியிலும் களை எடுக்கப் போயிருக்கிறாள்.